கீழை என்ன கிடக்கு?

அவரை நான் முதன்முதல் பார்த்தபோது என் வெங்காயப் பாத்தியில் குப்புறப் படுத்துக் கிடந்தார். வலது கை முழங்கை வரை மண்ணுக்குள் இருந்தது. கந்தோர் உத்தியோகத்தர் போடும் வெள்ளைச் சேர்ட்டும் காற்சட்டையும். பக்கத்தில் சப்பாத்து, அதற்குள் ஒழுங்காகச் சுருட்டி வைத்த சொக்ஸ். குடிவெறியில் விழுந்து கிடக்கிறவன் சொக்ஸைச் சுருட்டி வைக்க மாட்டான் என்ற யோசனை எனக்கு வரவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஆர் அது? என்ன செய்யிறியள் அங்கை?”

“கொஞ்சம் பொறுங்கோ அக்கா. சூடு பாக்கிறன்.”

“மண்ணுக்கு என்ன காய்ச்சலோ?”

“காய்ச்சல் இல்லை. ஆனால் உடம்பு வெதுவெதுப்பாத்தான் கிடக்கு.”

கையை வெளியே எடுத்தார். விரல்களுக்கிடையில் ஒரு கண்ணாடிக் குழாய், காய்ச்சல் பார்க்கும் சாமான் போலத்தான். அதைச் சேர்ட்டிலே துடைத்து, வாசித்து, கொப்பியில் எழுதினார். பிறகு எழுந்து நின்று, மூக்கு நுனி வரை செம்பாட்டு மண்ணோடு, கைகூப்பி வணக்கம் சொன்னார். விவசாயக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கும் ஐயா இவர்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மண்வெட்டியைக் கீழே வைத்தேன். சிரிப்பைத்தான் அடக்க முடியவில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கோப்பாயில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு அவர் ‘ஐஸ்பழம்’. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் கிழவர்கள் வரைக்கும் ஏறிவிட்டது. அவர் காதில் விழுந்தபோது கோபப்படவில்லை. “பரவாயில்லை, குளிரான பேர்,” என்றார்.

வடக்குக் கடற்கரையில் தோணியும் கப்பலும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பு பாய்க்கப்பலில் பர்மா வரை போய் வந்தவராம். மகனைப் படிக்கவென்று அரசாங்கம் ரஷ்யாவுக்கு அனுப்பியது. அவர் படித்ததோ மண். அதுவும் சாதாரண மண்ணில்லை, சைபீரியாவின் வடக்கே காலம் காலமாக உறைந்து கிடக்கிற மண். அதில் பட்டம் வாங்கி, அங்கேயே நாலைந்து வருடம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவரை, அரசாங்கம் நன்றாக யோசித்து வெங்காயமும் புகையிலையும் விளைகிற கோப்பாய்க்குப் போட்டது. கடலில் பிறந்து ஐஸிலே படித்தவருக்கு எங்கள் செம்பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று என் அண்ணர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது.

கமக்காரர் சங்கத்தில் அவருடைய முதல் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரித்தே வயிறு நோகும்.

“நான் வேலை செய்த இடத்திலை நிலம் கோடையிலை இடுப்பளவுக்குத்தான் இளகும். அதுக்குக் கீழை ஐஸ். பனைக்கு மேலை பனை வைச்சாலும் அடி காணேலாது,” என்று தொடங்கினார்.

“அப்ப கிணறு?” என்று ஒருவர் கேட்டார்.

“கிணறு கிடையாது. பனிக்காலத்திலை ஆத்து ஐஸை வெட்டி வாசல்லை அடுக்கி வைப்பினம். வேணுமெண்டேக்கை ஒரு துண்டை எடுத்து உருக்கிறது.”

“தண்ணியை விறகு மாதிரி அடுக்கிறதெண்டு சொல்லுறியள்.”

“ஓம், அப்பிடித்தான்.”

“புகையிலை வருமோ?”

“வராது.”

“வெங்காயம்?”

“அதுவும் கஷ்டம்.”

“அப்ப என்னதான் ஐயா வரும்?”

“ஆத்தோரத்திலை முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு. குதிரைக்கும் மாட்டுக்கும் புல்லு. பிறகு கடிக்கிற நுளம்பு.”

“நுளம்புக்கு ஏன் அவ்வளவு தூரம் போனனீங்கள்? என்ரை வளவுக்கு வந்திருக்கலாமே.”

மண்டபம் இரண்டுபட்டது. அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். ஐஸ் மண்ணில் மழைத்தண்ணீர் கீழே இறங்காது, மேலே தேங்கிச் சேறாக நிற்கும் என்றார். வீட்டின் சூடு நிலத்தை இளக்கிவிடும் என்பதற்காக எல்லா வீடுகளையும் கால்களின் மேல் கட்டுவார்கள் என்றார். அடியிலே நிலம் இளகுகிற இடத்தில் மரங்கள் வெறிகாரர் மாதிரிச் சாய்ந்து நிற்கும் என்றபோது, “கள்ளுத் தவறணைக்குப் பக்கத்திலை நட்டதாக்கும்,” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் அதோடு முடிந்தது. உரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

அவரிடம் இரண்டு சாமான்கள் எப்போதும் இருக்கும். ஒன்று ஆள் உயரத்து மெல்லிய இரும்புக் கம்பி. சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிவார். போகிற இடமெல்லாம் மண்ணில் குத்துவார். எங்கள் பக்கத்தில் ஓரிரு முழத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி கல்லில் முட்டி ‘கிண்’ என்றதும் அவர் முகம் மலரும். “இஞ்சையும் அதே கதைதான். மேலை கொஞ்சம் மண், கீழை வேறை ஒரு உலகம்,” என்பார். மற்றது கயிறு கட்டிய ஒரு போத்தல். அடியிலே ஈயக்கட்டி, வாயிலே தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு நூல். கிணற்றின் அடிவரை இறக்கிவிட்டு நூலைச் சுண்டினால் தக்கை கழன்று, அடித்தண்ணீர் மட்டும் போத்தலுக்குள் வரும். கடலில் ஆழம் பார்க்க ஈயம் கட்டிய கயிறு விடுகிற தகப்பனின் பிள்ளை அல்லவா? பார்க்கிற கிணற்றுக்குள் எல்லாம் அதை விட்டு, ஏறி வந்த தண்ணீரைக் கள்ளு ருசி பார்க்கிறவர் போல நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார்.

எதற்கும் அடி பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கதிரையைக் கொடுத்தால் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் இருப்பார். தேத்தண்ணி கொடுத்தால் கரண்டியால் அடியைக் கிளறி, சீனி எவ்வளவு கிடக்கிறது என்று பார்ப்பார். “கீழை என்ன கிடக்கெண்டு தெரியாமல் மேலை ஒண்டும் செய்யக்கூடாது அக்கா,” என்பார். ‘ஐயா’ என்று நான் கூப்பிட்டது ஒரு மாதம்தான். பிறகு ‘தம்பி’ ஆகிவிட்டார். அப்படி ஒரு மனுசரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

பெண் பார்க்கப் போன கதையைக் கேட்டால் விளங்கும். தெல்லிப்பழைப் பக்கம் நல்ல இடம். தாயும் மாமனும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பலகாரம் வந்திருக்கிறது, பெண்ணும் வந்திருக்கிறது. இவர் முற்றத்தில் இறங்கிக் கம்பியால் ஒரு குத்துக் குத்தியிருக்கிறார். ‘கிண்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘தொம்’ என்று வந்திருக்கிறது. உடனே பெண்ணின் தகப்பனைப் பார்த்து, “பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் மாட்டுக்கொட்டிலுக்குக் கீழை பொந்து கிடக்கு, மாட்டை மாத்திக் கட்டுங்கோ,” என்று சொல்லியிருக்கிறார். பலகாரத் தட்டு அந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டது. அந்த மாரியில் கொட்டிலின் ஒரு மூலை மாட்டோடு சேர்ந்து நிலத்துக்குள் இறங்கியது. மாடு பிழைத்தது. தகப்பன் பஸ் பிடித்துக் கோப்பாய்க்கு வந்து கலியாணத்துக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டார். ஆனால் அந்தப் பெண், மாட்டைப் பார்க்க வந்தவரைத் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். அவள் சொன்னது நியாயம் என்று இவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இனி என் கிணற்றுக்கு வருகிறேன்.

என் தோட்டம் எனக்குச் சீதனமாக வந்தது. பக்கத்துத் தோட்டம் அண்ணருக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரே கிணறு, அதில் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒருநாள் இறைப்பு முறை அவருக்கு, மறுநாள் எனக்கு. என் மனுசன் கொழும்பில் உத்தியோகம், மாதத்துக்கு ஒருமுறை மெயில் வண்டியில் வந்து போகிறவர். பிள்ளைகளின் சோறும் படிப்பும் அந்தத் தோட்டத்தில்தான் விளைந்தன. கிணறு போனால் எனக்குச் சீதனமும் போச்சு, சோறும் போச்சு.

துலாவில் இறைத்த காலம் வரை கிணறு வற்றியதில்லை. பிறகு தண்ணீர் இறைக்கிற மெசின் வந்தது. அதற்குப் பின் பிறநாட்டு மிளகாய் வருவது நின்று, எங்கள் மிளகாய்க்குப் பொன்னின் மதிப்பு வந்தது. ஊருக்கே தலைகால் தெரியவில்லை. வெங்காயம் நட்டவர்களும் புகையிலை நட்டவர்களும் மிளகாய்க்கு மாறினார்கள், பூமரம் நின்ற முற்றத்திலும் மிளகாய்க் கன்று நின்றது. மெசின் நாள்முழுக்க இரைந்தது. கோடை நடுவில் கிணற்றின் அடிக்கல் தெரியத் தொடங்கியது.

“அடியிலை வெடி வைச்சு இன்னும் ரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்குவம்,” என்றார் அண்ணர். மேற்குத் தோட்டக்காரர் அப்படித்தான் செய்திருந்தார். அவர் கிணற்றில் தண்ணீர் பொங்கிக்கொண்டு நின்றது. பங்குக் கிணறு என்பதால் என் சம்மதம் வேண்டும். நான் உடனே ஓம் என்றேன். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் மிளகாய் ஆசை தலைக்கு ஏறித்தான் இருந்தது.

வெடி வைக்கிறவர்கள் இரண்டு பேர் வந்து, அடிக்கல்லில் ஐந்து துளை போட்டுவிட்டு மேலே ஏறிப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஐஸ்பழத்தின் சைக்கிள் வந்தது. அவர் அதை வேலியில் சாத்தினார். சப்பாத்தைக் கழற்றினார், சொக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தார், கயிற்றைப் பிடித்து விறுவிறுவென்று கிணற்றுக்குள் இறங்கினார். இறங்கி, முழங்காலளவு தண்ணீரில், துளைகளுக்கு மேலே சப்பணம் கட்டி இருந்துவிட்டார்.

அரைமணி நேரத்துக்குள் ஊரில் பாதி கிணற்றுக்கட்டில் நின்றது. ஐஸ்பழம் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று ஒரு கதை, இறங்கித் தவம் இருக்கிறார் என்று இன்னொரு கதை. எனக்கு வெட்கம் ஒருபக்கம், சிரிப்பு ஒருபக்கம்.

“தம்பி, மேலை வாங்கோ. சனம் சிரிக்குது.”

“சிரிக்கட்டும் அக்கா. இஞ்சை நல்ல குளிர். எனக்குப் பழகின குளிர்.”

அண்ணர் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றார். “ஐயா, நீங்கள் ஏறாட்டில் நான் திரியைக் கொளுத்துவன்.”

“கொளுத்துங்கோ அண்ணை. அரசாங்க உத்தியோகத்தனை வெடி வைச்சுத் தூக்கின முதல் கமக்காரன் எண்டு பேர் வரும்.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வெடிக்காரர் இருவரும் பீடியை அணைத்துவிட்டு, நேரத்தோடு வீடு போகலாமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள். நான் வாளியில் தேத்தண்ணிச் செம்பை வைத்துத் துலாவால் இறக்கினேன். அவர் அடியைக் கிளறிப் பார்க்க மறக்கவில்லை. குடித்துவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்து ஒரு கதை சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

“அக்கா, நான் அங்கை போன புதுசிலை ஒரு பண்ணை. காட்டை வெட்டி, மேலை கிடந்த பாசியை வழிச்செடுத்துப் போட்டுக் கோவா நடலாமெண்டு நான்தான் எழுதிக் குடுத்தனான். பக்கத்திலை மாடு வளர்த்த ஒரு மனுசி கையைப் பிடிச்சுச் சொன்னவ, பாசியை எடுக்காதை, அது நிலத்தின்ரை போர்வை எண்டு. நான் படிச்சவன், கேக்கேல்லை. முதல் வருசம் பூசணிக்காய் மாதிரிக் கோவா. எனக்கு மாலை போட்டவை. அடுத்த வருசம் வயல் பள்ளமும் திட்டியுமாப் போச்சு. அதுக்கடுத்த வருசம் அது குளம். போர்வை இல்லாமல் அடி ஐஸ் உருகி நிலம் இறங்கிப் போச்சு. அந்த மனுசியின்ரை மாட்டுக்கொட்டில் அந்தக் குளத்துக்குள்ளை சரிஞ்சு கிடந்தது. அவ என்னை ஒரு சொல்லும் பேசேல்லை. பால் கொண்டுவந்து தாறதை மட்டும் நிப்பாட்டிப்போட்டா.”

வெறும் செம்பை வாளியில் திருப்பி வைத்தார்.

“இஞ்சை உங்கடை கல்லுக்குக் கீழை ஐஸ் இல்லை, கடல். நல்லதண்ணி அதுக்கு மேலை எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டு கிடக்கு. கல்லை உடைச்சு இறங்கினால் முதல் வருசம் நல்லாத்தான் விளையும். அதுதான் எனக்குப் பயம்.”

“அப்ப வெடி வேண்டாமெண்டால் இந்த வருசம் மிளகாய்க்குத் தண்ணிக்கு எங்கை போறது?” என்று கேட்டேன்.

அவர் அடிக்கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். “தெரியாது அக்கா,” என்றார்.

எத்தனையோ உத்தியோகத்தர் எங்கள் ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரியாது என்று ஒருவர் சொல்லக் கேட்டது அன்றுதான், அதுவும் என் கிணற்றுக்குள்ளிருந்து. எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. அண்ணரைப் பார்த்து, “என்ரை பங்குக்கு நான் சம்மதமில்லை,” என்றேன்.

அண்ணர் கிணற்றுக்கட்டிலிருந்து இறங்கிப் போனார். அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை.

தண்ணீர் காணாததால் பாதித் தோட்டத்தில்தான் மிளகாய் நட்டேன். ஐஸ்பழத் தம்பி வந்து பாத்தி முழுக்கக் காய்ந்த பனையோலையும் வைக்கோலும் பரப்பச் சொன்னார். அங்கே பாசி நிலத்தைக் குளிராக வைத்திருப்பதுபோல இங்கே ஓலை ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்து, “காய்ச்சல் இறங்கியிருக்கு,” என்றார். மண்ணுக்குக் கம்பளி போர்த்துகிறாள் என்று ஊர் சிரித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தது போய், நாலு நாளுக்கு ஒருமுறை இறைத்தேன். மிளகாய் வந்தது. மேற்குத் தோட்டக்காரருக்கு வந்ததுபோல வரவில்லை. அவர் மோட்டார் கார் வாங்கி, மாலை போட்டு, என் படலைக்கு முன்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு அந்த ஐஸ்பழத்தை நான் மனதுக்குள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அண்ணர் பாதிக் கிணற்றுக்காரர், கதைக்காமல் எப்படி இருப்பது? ஆட்டோடு கதைத்தார். வேலிக்கருகே வந்து நின்று, என் ஆட்டைப் பார்த்து, “நாளைக்கு மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, முறையை மாத்தச் சொல்லு,” என்பார். நானும் ஆட்டைப் பார்த்து, “ஓமெண்டு சொல்லு,” என்பேன். ஆடு இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு குழை தின்னும். இப்படிப் பதினெட்டு மாதம். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் பல நாள் அந்த ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

இதற்கிடையில் ஐஸ்பழத் தம்பிக்கு வன்னிப் பக்கம் மாற்றம் வந்தது. போகிற அன்று போத்தலையும் கயிற்றையும் என்னிடம் தந்தார். “மாசத்துக்கு ஒருக்கா அடியைப் பாருங்கோ அக்கா. நான் சொன்னது பிழையெண்டாலும் தெரியவேணும்.” நான் சரி என்றேன். போத்தலை மாட்டுக்கொட்டில் கப்புத் தூணில் மாட்டிவிட்டுத் தொடவேயில்லை. பிழையாக இருந்துவிட்டால் அண்ணரின் முகத்தில் எப்படி விழிப்பது?

அடுத்த ஆண்டு மாரி மழை ஏமாற்றியது. கோடை தொடங்கும் முன்பே மேற்குத் தோட்டத்து மிளகாய் இலை ஓரத்தில் கருகத் தொடங்கியது. வாய்க்கால் வரம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஒருநாள் காலை அந்த வீட்டுக்காரி குடத்தோடு என் படலையில் நின்றாள். “எங்கடை கிணத்துத் தண்ணி வாயிலை வைக்கேலாது அக்கா. பருப்பு அவியுதில்லை,” என்றாள். அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். வேலிக்கு அப்பால் அண்ணர் நின்று அவள் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிய மாட்டுக்கொட்டிலுக்குப் போனால் கப்பில் போத்தலைக் காணவில்லை. கிணற்றடியில் அண்ணர் நின்றார். போத்தல் கையில் இருந்தது, உள்ளே தண்ணீர். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆட்டைத் தேடாமல் என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நல்லதண்ணி. தேத்தண்ணி வை,” என்றார்.

நான் எப்படித் தேத்தண்ணி வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. சீனிக்குப் பதிலாக எதைப் போட்டிருந்தாலும் அவர் குடித்திருப்பார். அன்று முழுக்க இருவரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தோம். மிச்சத் தண்ணீரை வேறொரு போத்தலில் ஊற்றி, தக்கை போட்டு மெழுகு வைத்து அடைத்து, வன்னிக்குப் போகிற பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து, ‘உங்கடை கிணறு நல்லாயிருக்கு’ என்று ஒரு துண்டும் எழுதி அனுப்பினோம்.

பத்து நாளில் தபாலட்டை வந்தது. சுகம் விசாரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. நடுவில் ஒரே ஒரு வரி.

‘அக்கா, இது மேல்தண்ணியோ, அடித்தண்ணியோ?’

அண்ணர் அட்டையை இரண்டு தரம் வாசித்தார். முகம் விழுந்துவிட்டது. அவருக்குத் தக்கை நூலின் சங்கதியே தெரியாது. தக்கையைக் கையால் கழற்றிப் போட்டுவிட்டு, போத்தலை மேல்தண்ணீரில் அமிழ்த்தி எடுத்திருக்கிறார். உப்பு வந்தால் அடியிலிருந்துதானே வரும். அடி உப்பென்றால் பதினெட்டு மாதமும் வீண், கிணறும் வீண், சீதனமும் வீண்.

அண்ணர் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். ஈயக்கட்டி அடிக்கல்லில் முட்டும்வரை கயிற்றை விட்டார். நூலைச் சுண்டச் சொன்னேன், சுண்டினார். குமிழி வந்து அடங்கியது. இழுத்தெடுத்து, வாயில் வைக்கப் போனவர் நிறுத்தி, போத்தலை என்னிடம் நீட்டினார்.

“நீயே குடி. நீதானே வேண்டாமெண்டனி.”

குடித்தேன். கண்ணை மூடி, ஐஸ்பழத் தம்பி செய்வதுபோல நாக்கில் வைத்துப் பார்த்தேன். அண்ணர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, கயிற்று நுனியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

நல்லதண்ணீர். கற்கண்டுத் தண்ணீர். ஆனாலும் நான் உடனே சொல்லவில்லை. பதினெட்டு மாதம் ஆட்டோடு கதைத்த மனுசன், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று கண்ணைத் திறக்காமல் நின்றேன்.